விதை அனுப்ப வேண்டாம்

கந்தப்பளை, இலங்கை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததையும், மகளுக்குக் கோத்தகிரியிலேயே வேலை கிடைத்ததையும் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். இங்கே நாங்கள் சுகம். மழை மட்டும் விட்ட பாடில்லை. உருளைக்கிழங்குப் பாத்தியில் பாதி அழுகிப் போய்விட்டது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உங்கள் பக்கத்துக் காட்டுப்பூவரசு விதையைப் பொட்டலம் கட்டி அனுப்பட்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மச்சான். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

மேல்மலையில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்ற, அதே இனத்து இரண்டு மரங்கள் உனக்கு நினைவிருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகத்தில் சொருக என்று நாம் ஏறிப் பறித்த சிவப்புப் பூ. சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள். இந்தியாவுக்கு அனுப்பியவர்களை அழ அழ ஏற்றிப் போன அந்த ஒப்பாரிக் கோச்சியில் நீங்கள் நானுஓயாவில் ஏறிப் போன சில வருசத்தில் ஒரு மரம் விறகாகிவிட்டது. மற்றது இன்னும் நிற்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முறுக்கிக்கொண்டு, அதே மரம்தான்.

இதன் பேரினப் பெயர் ரோடோடென்ட்ரான். இமயமலையில் இருப்பதும், உன் நீலகிரியில் இருப்பதும், இங்கே இருப்பதும் ஒரே இனம், கிளை மட்டும் வேறு. உன்னுடையது நீலகிரிக்கம், நம்முடையது செலானிக்கம். பனியுகத்தில் கடல் இறங்கிப் பாக்கு நீரிணை நிலமாக இருந்தது. அப்புறம் தண்ணீர் ஏறியது, குளிர் உச்சிகளுக்கு ஒதுங்கியது, மரமும் குளிரோடு ஒதுங்கிக்கொண்டது. இப்போது செலானிக்கம் இந்தத் தீவின் உயர்ந்த மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. ஒரே இனத்துக் கிளைகள் என்பதால் பக்கத்தில் வைத்தால் சுலபமாகக் கலந்துவிடும். மகரந்தத்தைத் தூக்கிப் போவது தேன் குடிக்க வரும் பறவைகள். நம் மரத்தில் வெள்ளைக்கண்ணிக் கூட்டம் காலையில் வந்து மூஞ்சியெல்லாம் மஞ்சளாகப் போவதை நானே பார்த்திருக்கிறேன். உன் விதை என் வாசலில் மரமாகிப் பூத்தால், அடுத்த தலைமுறைக் கன்று எது என்று எனக்கே தெரியாது. உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

இந்த மலைக்காட்டைக் கோப்பிக்காக வெட்டியது நம் பாட்டன்மார் கை. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன. பிறகு சிங்கோனா, தேயிலை என்று மேலே மேலே வெட்டிக்கொண்டே போனார்கள். வெட்டச் சொன்னவன் வேறு, சரி. ஆனால் தோட்டத்துக் கன்றுத் தவறணையில் முப்பது வருசம் தேயிலைக் கன்று வளர்த்த கை என்னுடையது. ஓய்வு பெற்ற அன்றே இந்த மரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

காய் சிறியதுதான். முற்றிக் காய்ந்து வெடிக்கும்போது காகிதத்தைப் பிடித்துத் தட்டினால் மூக்குப்பொடி மாதிரி விதை கொட்டும். முதல் வருசம் பழக்கத்தில் மேலே மண் தூவி மூடினேன், ஒன்றுகூட வரவில்லை. இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டுமாம். அடுத்த வருசம் ஐஸ்கிரீம் பெட்டியில் மரத்தடி இலைமக்கை நிரப்பி, மேலே பாசியைப் பொடித்துப் பரப்பி, விதையை வெறுமனே தூவிப் பொலித்தீனால் மூடினேன். தண்ணீர் ஊற்றினால் விதை ஒதுங்கிவிடும் என்று பெட்டியின் அடியை மழைத்தண்ணீரில் வைத்து ஊறவிட்டேன். இருபத்துநாலாம் நாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், பாசிமேல் கடுகில் கால்வாசி அளவுக்குப் பச்சைப் புள்ளிகள். பேரனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அறுபதைத் தாண்டியதும் அவன் கணக்கை விட்டுவிட்டான்.

மரத்தடி மக்கு ஏன் என்றால், இதன் வேர் மயிரிழை போல மெலிசு. அதில் ஒரு பூஞ்சை ஒட்டி வாழ்ந்துதான் புளிப்பான மண்ணிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. ஒரு கைப்பிடி தாய்மரத்தடி மண் போட்ட பையும் போடாத பையும் ஆறு மாதத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. வேர் மேலாகவே ஓடுவதால் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறவே கூடாது. தண்ணீர் தேங்கினாலும் அழுகும்.

போன வருசம்தான் மனசு உடைந்தது. மேலே கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். அன்றிரவு கொட்டிய மழையில் வடிகால் கான் நிரம்பி, வெள்ளைத் தண்ணீர் எங்கள் லயத்து வீட்டுப் பின்பக்கம் இறங்கியது. சில வாரத்தில் கன்றுகளின் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மண்ணை மாற்றி, மழைத்தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் அதே நினைப்பு. 11 கன்று பிழைத்தது. மூன்றைத் தோட்டத்துத் துரையிடம் சொல்லித் தாய்மரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவை பூக்க வருசக்கணக்காகும், பார்ப்பேனோ என்னவோ.

பங்குனியில் பேரனோடு பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். 2,100 மீட்டர் உயரத்தில், புல்வெளி நடுவே தனித்தனியாக நிற்கின்றன. பட்டை அவ்வளவு தடிப்பு, புல் எரிந்தாலும் தாங்குகிறது. 1988இலிருந்து அது தேசியப் பூங்கா, ஒரு காயைக்கூட எடுக்க முடியாது. பேரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்தான். வெள்ளைக்காரன் கொண்டுவந்த மஞ்சள் முட்புதர் அங்கேயும் பரவிக் கிடக்கிறது, அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

நீ உன் விதையை உன் வீட்டிலேயே போடு. உன் வாசலில் இருப்பதும் தேயிலை மண்தானே. தேயிலைக்குப் பிடித்த அதே புளிப்புத்தான் இதற்கும் வேண்டும். காட்டு இலாகாவில் கேட்டுவிட்டு எடு.

இந்தத் தாளின் பின்பக்கம் நம் மரத்து இலை ஒன்றை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். மேலே சுருக்கம் சுருக்கமாக, ஓரம் கீழே மடிந்து, அடியில் பழுப்புக் கம்பளி மாதிரி இருக்கும். உன் மரத்து இலையை இதன்மேல் வைத்துப் பார்த்து, எவ்வளவு மிஞ்சுகிறது, அடிப்பக்கம் என்ன நிறம் என்று எழுது.

உன் பழைய கூட்டாளி