செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: பூட்டுப் பட்டறைக்காரர்கள் சங்கம், திண்டுக்கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். கட்டைவிரலைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுங்கள்.

முதலில் இரங்கல். இந்த ஆண்டு மூத்த தொழிலாளர்கள் சிலரை இழந்தோம். அவர்களில் ஒருவர் மணிப்பூட்டு செய்வதில் கைதேர்ந்தவர். சாவியைத் திருப்பும்போதெல்லாம் பூட்டுக்குள் மணி அடிக்கும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பெட்டியை யாரோ திறக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த வேலையை அவரிடம் முழுதாகக் கற்றுக்கொண்டவர் நம்மில் யாரும் இல்லை. அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மே தினக் கொடியேற்றம் நடந்தது. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலைச் செலவைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். கண் பரிசோதனை முகாம் நடந்தது. கண்ணாடி போடச் சொன்னவர்களில் பாதிப்பேர் இன்னும் போடவில்லை. செயற்குழு மாதம் ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. கோரம் சேராமல் டீ குடித்துக் கலைந்த மாதங்களே அதிகம். அந்த டீச் செலவைப் பற்றிப் போன பொதுக்குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் அந்தக் கூட்டங்களுக்கு வந்திருந்தால் அவரும் ஒரு டீ குடித்திருப்பார், கணக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்தது சந்தா. இதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும் என்று தலைவர் சொன்னார். ஆனால் அறிக்கை எழுதுவது நான். நம் ஆண்டுச் சந்தா ஒரு மட்டன் பிரியாணி விலைதான். அதில் மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உண்மையாகவே முடியாதவர்கள். அவர்கள் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். மற்றவர்கள் கடைவீதியில் சொந்தக் கடை வைத்திருப்பவர்கள். கேட்கப் போனால், "சங்கம் எனக்கு என்ன செய்தது?" என்கிறார்கள். சங்கம் என்பது செயலாளரும் ஒரு பீரோவும் என்று நினைத்துவிட்டார்கள் போல. அந்தப் பீரோவுக்குத் தொங்குவதாவது நம் ஊர்ப் பூட்டு. அவர்களில் பலரின் கடைகளில் ஷட்டருக்கே உத்தரப் பிரதேசத்து அலிகார் பூட்டுதான்.

பிரியாணி என்றதும் இன்னொன்று. வெளியூரில் திண்டுக்கல் என்றால் முன்பு பூட்டு, சுருட்டு, தோல் என்பார்கள். இப்போது பிரியாணி என்கிறார்கள். பிரியாணியோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. 2014-ல் மாநகராட்சி ஆன ஊர் இது. மாநகராட்சி ஆனபோது பட்டறைச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. வீட்டு வாசலில் உட்கார்ந்து அரம் போடுகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்த்த ஞாபகம் இங்கிருக்கும் எல்லாருக்கும் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று நூற்பாலை வேனில் போகிறார்கள், இல்லாவிட்டால் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மில்லில் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நம்மிடம் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பித்தளை விலை ஏறினால் வியாபாரி முதலில் கை வைப்பது அந்தக் கூலியில்தான். புதிதாகக் கட்டுகிற வீட்டில் கதவோடு சேர்ந்தே பூட்டு வந்துவிடுகிறது. தொங்குகிற பூட்டுக்கு வாசல் கேட்டும் மொட்டை மாடியும்தான் மிச்சம்.

அலிகார்க்காரர்களைத் திட்டித் தீர்மானம் போட வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒரு கோரிக்கை வருகிறது. நான் அதை எழுதுவதாக இல்லை. அங்கேயும் நம்மைப் போல வீட்டிலும் சிறு பட்டறையிலும் கை தேயத் தேய உழைக்கிறவர்கள் உண்டு. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ், உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் டை காஸ்டிங் என்று இயந்திரத்துக்கு அவர்கள் முன்பே மாறிவிட்டார்கள். 'தாலா நகரி' என்று பூட்டுக்கென்றே அங்கே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. 2018-ல் உத்தரப் பிரதேச அரசு 'ஒரு மாவட்டம் ஒரு பொருள்' திட்டம் கொண்டுவந்தபோது அலிகாருக்கு என்று எடுத்துக்கொண்டது பூட்டைத்தான். அவர்கள் பூட்டு மலிவு. மலிவில் நாம் அவர்களை ஜெயிக்க முடியாது. என் கோபமெல்லாம் அங்கிருந்து வரும் பூட்டை நம் கடைவீதியிலேயே திண்டுக்கல் பூட்டு என்று விற்பவர்கள் மேல். அவர்களில் நம் உறுப்பினர்களும் உண்டு. பெயர் வேண்டாம்.

இதற்கு மருந்து கையில் இருக்கிறது என்பதைத்தான் ஆண்டு முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிறேன். 2019 ஆகஸ்டில் நம் பூட்டுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும், ஊர்ப் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் நம் மாவட்டத்திலேயே பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. நமக்காக விண்ணப்பித்து வாங்கித் தந்தது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். நாம் செய்தது பட்டாசு வெடித்ததும் ஜிலேபி சாப்பிட்டதும். குறியீடு வந்துவிட்டது, இனி போலி தானாக ஒழிந்துவிடும் என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பூட்டு செய்கிற ஒவ்வொருவரும் சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன் பெயரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிந்தவருக்குத்தான் அந்தப் பெயரைப் போட்டு விற்கச் சட்டப்படி உரிமை. போலி மேல் வழக்குப் போடும் உரிமையும் அவருக்கு வருகிறது. பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்துகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவுக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் விதியைத் திருத்தி 10 ரூபாய் ஆக்கினார்கள். நான் தப்பாகப் படிக்கவில்லை, நீங்களும் தப்பாகக் கேட்கவில்லை. பத்து ரூபாய்தான். படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்தோடு திரும்பி வந்தவை ஒரு கிளிப்பில் அடங்கிவிட்டன. "கையெழுத்துப் போட்டால் வரி கேட்டு வருவார்களா?" என்று ஒருவர் கேட்டார். "அண்ணன் போட்டால் நான் போடுகிறேன்" என்று தம்பி. "தம்பி போடட்டும் பார்க்கலாம்" என்று அண்ணன். இருவரும் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை இதுதான் என்பது என் அபிப்பிராயம். பொருளாளருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். சனிக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்தின் பின்அறையில் நடத்தினோம். இலவசம். வைஸ், அரம், பித்தளைத் தகடு எல்லாம் சங்கச் செலவு. "மூடப்போகிற தொழிலுக்குப் பள்ளிக்கூடமா?" என்று கிண்டல் செய்தவர்கள் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

முதல் நாள் பாடம் எடுத்த பெரியவர் பேசவே இல்லை. ஆறு லீவர் பூட்டு ஒன்றின் மேல்தகட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக லீவர் என்கிற ஆறு பித்தளைத் தகடு, ஒவ்வொன்றின் வெட்டும் ஒவ்வோர் உயரத்தில். சாவியை விட்டு மெதுவாகத் திருப்பினார். சாவியின் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு லீவரைத் தூக்க, ஆறு வெட்டும் ஒரே கோட்டில் வந்து நின்றதும் தாழ் உள்ளே நழுவியது. அப்புறம் அதே சாவியில் ஒரு படியை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி போட்டார். ஐந்து லீவர் சரியாக நிற்க, ஒன்று மட்டும் அரை நூல் தாழ்ந்து தாழை மறித்துக்கொண்டது. பூட்டு அசையவில்லை. பையன்களில் ஒருவன், "அதிகமாகத் தூக்கினால்?" என்று கேட்டான். பெரியவர் வேறொரு சாவியை எடுத்துக் கொடுத்து, "நீயே போட்டுப் பாரு" என்றார். அதற்கும் திறக்கவில்லை. குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. அந்தப் பையன் அன்று கடைசி ஆளாகத்தான் வீட்டுக்குப் போனான்.

சாவி தொலைந்துபோன பூட்டுக்குச் சாவி செய்வது இன்னொரு பாடம். வெட்டாத சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரியாக்கி, பூட்டுக்குள் விட்டுத் திருப்பி எடுத்தால் லீவர் உரசிய இடத்தில் கரி அழிந்து பளிச்சென்று தெரியும். அங்கே அரம் போட வேண்டும், மறுபடி கரியாக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். பொறுமை உள்ளவனுக்குத்தான் இது. பாலிடெக்னிக் படிக்கும் பெண் ஒருத்தி, லீவர்களின் அளவையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டு போய்க் கம்ப்யூட்டரில் படமாக்கி வந்தாள். நம் வேலைக்கு வரைபடம் என்று ஒன்று வந்ததை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதுவரை எல்லாம் பெரியவர்களின் கையிலும் தலையிலும்தான் இருந்தது. மணிப்பூட்டுக்காரர் போனபோது என்ன போயிற்று என்று இப்போது புரிகிறதா?

வகுப்பு மழைக்காலத்தில் நின்றது. மழை காரணமில்லை. பாடம் எடுக்க ஒப்புக்கொண்ட உறுப்பினர்களில் அந்தப் பெரியவரைத் தவிர ஒருவரும் தொடர்ந்து வரவில்லை. கல்யாணம், காதுகுத்து, ஆர்டர் அவசரம். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சதை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் எனக்கு யாருங்க வேலை தருவா?" அவர் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்தனை காலம் ரகசியமே நம்மைக் காப்பாற்றியது. ஆனால் அவர் மகன் நூற்பாலையில் சூப்பர்வைசர். அந்த ரகசியத்தை அவர் யாருக்காகக் காக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அரசிடம் பொது வசதி மையம் ஒன்று கேட்டு வாங்கலாம், பிரஸ்ஸும் பாலிஷ் மெஷினும் பொதுவில் இருக்கட்டும் என்று செயற்குழுவில் ஒரு தரப்பு சொல்கிறது. நல்ல யோசனைதான். அதற்கு நாமெல்லாம் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கிப் பங்குத்தொகை போட வேண்டும். சந்தா நிலைமையை மேலே சொல்லிவிட்டேன். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன் தருகிறார்கள். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதி நம் உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் இருக்கிறது. தொழிலின் நிலைமைக்கு வேறு புள்ளிவிவரம் தேவையில்லை.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பயிற்சி வகுப்பால் செலவு சற்றுக் கூடியது. முந்தைய இருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்தோம். வாங்கிய அரங்களும் வைஸும் சொத்துக் கணக்கில் இருக்கின்றன, செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம். முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் அவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு போகலாம். சந்தா ரசீதையும் கையோடு கொண்டுபோனால் அவர் மகிழ்வார்.

தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், பொருளாளருக்கும், தண்ணீர்ப் பந்தலுக்கு மண்பானை தந்த நண்பருக்கும், மின்கட்டணம் கட்டிய உறுப்பினருக்கும், ஒலிபெருக்கி இலவசமாகத் தந்தவருக்கும் நன்றி. பாடம் எடுத்த பெரியவருக்குச் சால்வை போட வேண்டும் என்று தீர்மானித்தோம். சால்வைக்குப் பதிலாகப் புது அரம் கேட்டார். ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறோம், தலைவர் இப்போது வழங்குவார்.

அடுத்த ஆண்டு பற்றி. செயலாளர் பொறுப்பில் தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது முன்வந்தால் சாவிக்கொத்தையும் மினிட் புத்தகத்தையும் இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால், வகுப்பு மறுபடி நடக்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். சென்ற முறை வந்த பிள்ளைகளில் சிலர் எப்போது ஆரம்பம் என்று இன்னும் போன் செய்கிறார்கள். சனிக்கிழமைக்கு ஓர் ஆசிரியர் என்று முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை. கதவருகே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பெயர் எழுதலாம். பயனாளர் பதிவுப் படிவங்கள் பின்மேசையில் இருக்கின்றன. ஆதார் நகல் கொண்டுவராதவர்களுக்காக எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் சில்லறை இல்லாதவர்கள் சொல்லுங்கள், நான் போட்டுவிடுகிறேன். சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது, படிவத்தை முடித்துவிட்டுப் பந்திக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்