உறுப்பு வளர்ப்பவர்களுக்கு ஸ்கேன் அறையிலிருந்து ஒரு மடல்

சென்னையில் திசுப் பொறியியல் (செல்களிலிருந்து திசுவும் உறுப்பும் வளர்க்கும் துறை) ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். நான் எம்.ஆர்.ஐ டெக்னீஷியன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உறுப்பை வளர்க்கும் கலனை வடிவமைக்கும்போதே, அதை ஸ்கேனருக்குள் எப்படி வைப்பது என்றும் யோசியுங்கள்.

செல்கள் பற்றி வளர்வதற்கான சட்டகத்தில் அவற்றை விதைத்து, வாரக்கணக்கில் வளர்த்து, கடைசியில் வெட்டிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறீர்கள். அழகான படம் கிடைக்கும், உறுப்பு போய்விடும். நோயாளிக்குப் பொருத்தப்போகிற உறுப்பை அப்படி அறுத்துப் பார்க்க முடியுமா? ரத்த நாளத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் போதாது. மேற்பரப்பு செழிப்பாக இருக்கும்போதே நடுப்பகுதி செத்துக்கிடக்கலாம்.

2011-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களை விதைத்துப் பொருத்தினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அங்கே அந்தச் சிகிச்சை பெற்ற மூன்று பேரும் பின்னர் இறந்துபோனார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஸ்கேன் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. ‘செல் பிடித்துவிட்டது’ என்று யார் சொன்னாலும், எங்கே, எவ்வளவு என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஸ்கேனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. அடையாளத்துக்காக இரும்பு ஆக்சைடு துகள் ஏற்றிய செல்கள் எம்.ஆர்.ஐ-யில் கருப்பாகத் தெரியும். செல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகப் பெருக இரும்பும் பங்குபோய்க் கருப்பு மங்கும். நன்றாக வளர்கிற இடம் காலியாகத் தெரியும்! செல் செத்தாலோ இரும்பு அங்கேயே தங்கி, உயிரோடு இருப்பதுபோல் ஏமாற்றும். அதனால் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வதைக் காட்டும் பெட் ஸ்கேனையும் சேர்த்துப் பாருங்கள். நுணுக்கமான எக்ஸ்ரே ஸ்கேனான மைக்ரோ சிடி சட்டகத்தைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் திரும்பத் திரும்ப எடுத்தால் கதிர்வீச்சே செல்களைக் கெடுக்கும்.

திசுவையும் ஸ்கேனையும் சேர்த்து யோசிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. திசுக்களைத் தாங்கும் புரதமான கொலாஜனின் முச்சுருள் அமைப்பை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்வைத்த ஜி.என். ராமச்சந்திரன்தான், எக்ஸ்ரே படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்கும் கணக்கை எளிதாக்கும் வழியையும் 1971-ல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து எழுதினார்.

கலனில் ஒரே ஒரு எஃகு கிளாம்ப் போதும், ஸ்கேனரின் காந்தப்புலம் குலைந்து சுற்றியுள்ள படமெல்லாம் நெளிந்துவிடும். வரைபடம் தயாரானதும் எங்களில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். கலனுக்குத் திரவம் செலுத்தும் பம்ப்பை அறைக்கு வெளியே வைக்கக் குழாய் எட்டுமா, சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குள் கலன் அடங்குமா என்று ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு எம்.ஆர்.ஐ டெக்னீஷியன், அடையாறு