வார்டிலிருந்து நீ கேட்டதற்கு

அன்பு மக்களே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் கேட்டோம். நாலு வயசுப் பிள்ளைக்கு ரத்தப் புற்று. நரம்பு கிடைக்காமல் நீ ஊசியோடு திணற, அது உன்னைப் பார்த்து "சாரி அக்கா" என்றதாம். "இதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கிற கடவுள் இருந்தா என்னப்பா, இல்லாட்டி என்ன?" என்று கேட்டிருந்தாய். அம்மா பயந்துவிட்டாள். எனக்குப் பயமில்லை. போனில் கோர்வையாக வராது என்றுதான் எழுதுகிறேன்.

பெரியவர்கள் சொன்ன பதில்கள் உண்டு. கடவுள் மனிதனுக்குக் கொடுத்த சுயாதீனத்தை அவன் கெடுத்தான், தீமை அதில் வந்தது என்றார் ஆதிச் சபையின் அறிஞர் அகஸ்டின். ஹிட்லருக்கு அது பொருந்தும். எலும்பு மஜ்ஜையில் ஒரு செல் தறிகெட்டுப் பெருகுவது யார் சுயாதீனத்தால்? ஆதாம் விழுந்ததில் படைப்பே கெட்டது என்பார்கள். அதை அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. பாடுகள் நம்மைப் பக்குவப்படுத்தும் என்பது அவருக்கும் முந்திய ஐரேனியுஸ் வழியில் வந்த கட்சி. என் வயசுக்காரனுக்குச் சரி. நாலு வயசில் போகிற பிள்ளை எப்போது பக்குவப்படும்?

சுனாமி வந்தது 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சபையிலிருந்து கொட்டில்பாடு கடற்கரைக் கிராமத்துக்கு அரிசி கொண்டுபோனோம். ஒரு வீட்டில் மூன்று சுவரும் போய்விட்டன. மிஞ்சிய தூணில் காகித ஸ்டார் கிழியாமல் தொங்கியது. பிறகு ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், எல்லாம் கடற்கரைக்காரர்களின் பாவம் என்று பிரசங்கித்தார். லூக்கா சுவிசேஷம் 13-ஐ அவர் புரட்டியதே இல்லை போலும். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். மனந்திரும்புங்கள் என்றும் சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

வேதத்தில், குற்றமில்லாமலே எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களையே பார். ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. பேச ஆரம்பித்ததும்தான் வினை. கடவுளுக்காக வக்கீல் வேலை பார்த்த அந்த மூன்று பேர் மேல்தான் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வருகிறது. அவரையே வழக்குக்கு இழுத்த யோபு சரியாகப் பேசினான் என்கிறார். சங்கீதம் 88-ஐயும் வாசித்துப் பார். ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நீ கேட்டதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இதெல்லாம் கடவுள் இருக்கிறார் என்பதற்கு ருசு ஆகாது. ஆகாதுதான். ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1944-இல் நாஜிச் சிறையிலிருந்து எழுதினார், பாடுபடுகிற கடவுளால்தான் உதவ முடியும் என்று. அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சொகுசாக உட்கார்ந்து எழுதிய பேச்சில்லை என்பதால் நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கத்தியவரிடம் உன் கேள்வியைக் கொண்டுபோகலாம். மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஒருவர்தான் கடவுள் என்றால், எனக்கும் அவர் வேண்டாம்.

"கர்த்தருடைய சித்தம்" என்று அந்தத் தாயிடம் சொல்ல யாராவது வந்தால் டீ குடிக்க வெளியே அனுப்பிவிடு. ஆராதனைக்குப் போக மனசில்லை என்றாய். நைட் டூட்டி முடிந்து தூங்கு, சபை ஐயர் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். அம்மா சக்கை வற்றல் பார்சல் போட்டிருக்கிறாள். பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அப்பா