கீழேயும் போகாதே, மேலேயும் போகாதே: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஆணையாளர் அனைவருக்கும் வணக்கம்.

நான் உங்கள் அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். 2022 தேர்தலுக்கு உங்களில் பாதிப் பேரின் வேட்புமனு என் மெஷினில்தான் நகலானது. அதற்குப் பிறகு உங்களுக்கு எதிராக வந்த மனுக்களும் அதே மெஷினில்தான். பாரபட்சம் கிடையாது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஊர்ப் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் படித்தால், பழைய வட ஆற்காட்டில் ரயில் பாதை ஓரம் இருக்கும் நாலு ஊர்க்காரர்களாவது இது தங்கள் ஊர் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

போன வாரம், ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வேக்கு இந்தப் பக்கம் ஒரு புது போர்டு வைத்தீர்கள். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. “மழைக்காலங்களில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும். பொதுமக்கள் பயன்படுத்த வேண்டாம். இப்படிக்கு, ஆணையாளர்.” அதற்குப் பத்தடி தள்ளி, மேட்டின் மேல், ரயில்வேக்காரர்கள் வைத்த பழைய போர்டு நிற்கிறது. “தண்டவாளத்தைக் கடப்பது தண்டனைக்குரிய குற்றம்.” கீழே போகாதே என்கிறீர்கள் நீங்கள். மேலே போகாதே என்கிறார்கள் அவர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கான்கிரீட். என்னை இந்த மடலை எழுத வைத்தது அந்த மஞ்சள் பலகைதான்.

கேட் இருந்த காலம், கேட்டை மூடிய கதை, சப்வே திறந்த அன்றைக்கு வெடித்த சரவெடி, எல்லாம் உங்களுக்குத் தெரியும். சரவெடி நீங்கள் கொளுத்தியதுதான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சப்வேயில் நிற்கும் தண்ணீரை எடுக்க வேண்டியது யார் என்று, தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தண்ணீரை எடுப்பது அப்புறம். முதலில் அது யாருடைய தண்ணீர் என்று தெரிய வேண்டும்.

ஐப்பசியில் என் பெரியம்மா தவறிப்போனார். 81 வயது, கல்யாணச் சாவுதான். வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். சுடுகாடு அந்தப் பக்கம், பாலாற்றங்கரையில். முந்தின ராத்திரி இரண்டு மணி நேரம் மழை. விடிந்து போய்ப் பார்த்தால் சப்வேயில் இடுப்பளவு தண்ணீர். அதன்மேல் தெர்மாகோல் துண்டுகளும் ஒரு ஒற்றைச் செருப்பும் மிதந்துகொண்டிருந்தன. அமரர் ஊர்தி இன்னொரு சாவுக்குப் போயிருந்தது. வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். பைபாஸ் மேம்பாலம் வழியாகச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர். பெங்களூர் லாரிகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். தண்டவாளத்தின் மேலேயே போய்விடலாம் என்று முடிவானது.

அக்கா மகன் மொபைலில் ரயில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அடுத்த எக்ஸ்பிரஸ் காட்பாடியை விட்டே இன்னும் கிளம்பவில்லை, இருபது நிமிஷம் இருக்கிறது என்றான். ஹாரன் காதில் விழ வேண்டுமே என்று மேளத்தை நிறுத்தச் சொன்னோம். அந்த மேட்டில் வெறுங்கையோடு ஏறுவதே சிரமம், ஜல்லி காலுக்கடியில் உருளும். தூக்குகிறவர்கள் செருப்பும் போடவில்லை. முன்னால் தூக்கிய இரண்டு பேர் மேலே போய்விட்டார்கள், பின்னால் தூக்கிய நானும் சித்தப்பா மகனும் இன்னும் கீழே. பாரம் முழுக்க எங்கள் தோளுக்கு வந்தது. கயிறு கட்டியிருக்காவிட்டால் பெரியம்மா சரிந்திருப்பார்.

முதல் தண்டவாளத்துக்கு நாலடி இருக்கும்போது கூட்ஸ் வண்டி வந்தது. ஆப்பில் கூட்ஸ் வண்டி காட்டாது. அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். பாடையை நடுவழியில் கண்ட இடத்தில் இறக்கக் கூடாது, இறக்குவதற்கு அங்கே சமமான தரையும் கிடையாது. தோளில் வைத்தபடியே நின்றோம். வண்டி அடித்த காற்றில் மாலைகளிலிருந்த சாமந்தி பிய்ந்து பறந்தது. கொள்ளிச்சட்டி வைத்திருந்த அண்ணன், நெருப்பு அணைந்துவிடக் கூடாதே என்று, ரயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார். நான் பெட்டிகளை எண்ணினேன். வேறு என்ன செய்வது? 58 பெட்டி, கடைசியில் கார்டு வேன். பின்னாலிருந்து ஒரு தாத்தா சொன்னார், “செத்தும் நம்மளுக்கு கேட்டு போட்டுட்டாங்களேப்பா.” யாரும் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. சிரித்தோம்.

1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம், 147-வது பிரிவு. அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு நாங்கள் சுமார் நாற்பது பேர் அந்தக் குற்றத்தைச் செய்தோம். பெரியம்மா மட்டும் நடக்கவில்லை. வழக்கு போடுவதாக இருந்தால் அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. மழையில் குடையோடு ஒரு மணி நேரம் அங்கே நின்றால் போதும். நான் நின்று பார்த்தேன். சப்வே கட்டியபோது, இரண்டு வாயிலும் சாலைக்குக் குறுக்கே ஒரு மேடு போட்டிருந்தார்கள். நாமெல்லாம் அதை ஸ்பீடு பிரேக்கர் என்று நினைத்துத் திட்டினோம். அது தெருத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கப் போட்ட வரப்பு. அதன் பிறகு நகராட்சி அந்தச் சாலைக்கு இரண்டு முறை தார் போட்டது, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே. சாலை உயர்ந்து வரப்பு சாலையோடு சமமாகிவிட்டது. இப்போது மூன்று தெருத் தண்ணீரும் தடையில்லாமல் உள்ளே இறங்குகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் சொல்லியிருந்தார். அந்தச் சுற்றறிக்கை நம் ஊருக்கு வரும் வழியில் ஏதாவது சப்வேயில் மாட்டிக்கொண்டதோ என்னவோ.

பக்கத்தில் மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறோமே என்பீர்கள். கட்டியிருக்கிறீர்கள். ஏரிக் கால்வாய் வரை போக வேண்டிய அந்த வடிகால், கால்வாய்க்கு இருபதடி முன்னால் ஒரு மனைப்பிரிவின் காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது. அந்த மனைப்பிரிவின் வரைபடத்தையும் நகல் எடுத்தவன் நான்தான். வரைபடத்தில் அந்த இடத்தில் சுவர் இல்லை, கால்வாய் என்று கோடு போட்டிருக்கிறது. நிலத்தில் கோடு இல்லை, சுவர் இருக்கிறது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் கடைக்கு தொழில் உரிமம் புதுப்பிக்க வேண்டிய மாசம் சரியாக ஞாபகத்துக்கு வரும் உங்களுக்கு.

மோட்டார் வைத்து இறைத்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். பெரியம்மா போய் மூன்றாம் நாள் ஆயில் இன்ஜின் வந்தது. நாள் முழுக்க ஓடியது. ஓஸை எங்கே விட்டார்கள்? சப்வேயின் மேல்முனையில், அதே சாலையில். இறைத்த தண்ணீர் சரிவில் நிதானமாகத் திரும்பி வந்தது. இன்ஜின் ஓட்டிய தம்பியிடம் சொன்னேன். “ஓஸ் நீளம் அவ்ளோதான் சார்” என்றார். அவர்மேல் தப்பு இல்லை.

இப்போது எங்களுக்கு வந்த இரண்டு கடிதங்களுக்கு வருகிறேன். எங்கள் தெருக்காரர்கள் எழுதிய மனுவுக்கு ரயில்வேயிலிருந்து வந்த பதில்: சுரங்கப்பாதை கட்டி ஒப்படைக்கப்பட்டுவிட்டது, அணுகுசாலை மற்றும் வடிகால் பராமரிப்பு உள்ளாட்சியைச் சேர்ந்தது. அதே மனுவுக்கு உங்களிடமிருந்து வந்த பதில்: மேற்படி இடம் ரயில்வே எல்லைக்குள் வருவதால், உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய துறை எது? ரயில்வே. அவர்கள் யாருக்கு அனுப்புவார்கள்? உங்களுக்கு. ஆட்கள் இருக்கிற ஒரு கேட்டை ரயில்வே தன் இஷ்டத்துக்கு மூட முடியாது, மாநில அரசுப் பக்கத்திலிருந்து சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதக் கடிதம் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும். யார் பராமரிப்பது என்பது அதில் எழுதாமலா இருப்பார்கள்? அந்த ஒரு தாளைக் கண்டுபிடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் முப்பது நாள் காத்திருந்து நான் கேட்டு வாங்கலாம். நீங்கள் எழுந்து பீரோவைத் திறந்தால் பத்து நிமிஷம்.

மேம்பாலம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையையும் கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் மேம்பாலத்துக்குத் தகுதி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நாம் தேறவில்லை, சரி. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பி நம் வாலாஜா ரோடு வரைதான் வந்தது. இந்தப் பக்கத்து மனிதர்கள் ரயில் பாதையைக் கடக்கப் பழகி நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட் காலத்தில் அரை மணி நேரம் நின்றோம், வேர்க்கடலை தின்றோம், திட்டினோம். ஆனால் திறக்கும் என்று தெரிந்து நின்றோம். பாடை வந்தால் கேட்கீப்பர் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிடுவார். காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வேன் பிடிக்க வேண்டிய பெண்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அதே பெண்கள் இப்போது மழை பெய்த மறுநாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்கள்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். ஆற்றிலும் 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் தண்ணீர் போனது. அந்த வெள்ளத்தில் சப்வே மூழ்கியதற்கு யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை, ஆறே வந்தால் யார்தான் என்ன செய்வது. மற்ற நாளில் நிற்பது ஆறே இல்லாத தண்ணீர். போன கூட்டத்தின் அஜெண்டாவையும் நான்தான் நகல் எடுத்தேன், 36 செட். அதில் பஸ் ஸ்டாண்டு வரவேற்பு வளைவுக்குப் புதுப் பெயிண்ட் இருந்தது. எந்த நிறம் என்பதில் தகராறாகி ஒரு தரப்பு வெளிநடப்பு செய்து, நேராக என் கடைப் பக்கத்து டீக்கடைக்குத்தான் வந்தது. சப்வே அஜெண்டாவில் இல்லை. 2022-ல் சொத்து வரியைத் தமிழ்நாடு முழுக்க ஏற்றினார்கள், கட்டினோம். வரி ரசீதில் பெயர் தப்பாக வந்தது, அதைத் திருத்த ஒரு மனு, மனுவுக்கு இரண்டு நகல். உண்மையைச் சொன்னால், நீங்கள் ஒழுங்காக வேலை செய்தால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சப்வேயைத் தனிப் பொருளாக வையுங்கள். அந்தத் தண்ணீர் நகராட்சியுடையது என்றால், நகராட்சியுடையது என்று தீர்மானம் போடுங்கள். ரயில்வேயுடையது என்றால், எந்தக் கடிதத்தின்படி என்று எண்ணும் தேதியும் குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். இரண்டு பேருக்கும் பங்கு என்றால் எந்த இடம் வரை யாருக்கு என்று சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். எது என்றாலும் சரி, எழுத்தில் வேண்டும். வரப்பை மறுபடி உயர்த்துவதற்கு ஒரு மேஸ்திரியும் இரண்டு நாளும் போதும் என்று தோன்றுகிறது. வடிகாலும் அந்தச் சுவரும் பெரிய விஷயம், அதற்குக் காத்திருக்கிறோம். ஆனால் யாருடைய தண்ணீர் என்பதற்கு இனி காத்திருக்க முடியாது.

இன்னொன்று. 2022 நவம்பர் 1-ல் ஊருக்கு ஊர், கிராம சபை மாதிரி வார்டு மக்கள் கூடும் பகுதி சபா நடந்தபோது, எங்கள் வார்டுக்கும் கல்யாண மண்டபத்தில் ஒன்று நடத்தினீர்கள், ஃபேன், கேசரி எல்லாம் இருந்தது. அடுத்த பகுதி சபாவைத் தயவுசெய்து சப்வே வாயில் நடத்துங்கள், அந்த மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில். நாற்காலிகள் நாங்கள் போடுகிறோம். மழை வந்தால் மட்டும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முன்கூட்டியே ஆணையாளர் சொல்லிவிட வேண்டும்.

தீர்மானம் நிறைவேறினால் நகல் எடுக்க என் கடைக்கே அனுப்புங்கள். எத்தனை செட் என்றாலும் காசு வேண்டாம். ஒரு பிரதி மட்டும் எனக்கு. பெரியம்மா வீட்டு அண்ணனிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரன்