பூட்டுக் குறி முதல் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையச் செயலிகள் சிலவற்றில் உள்நுழையும் பக்கம் மட்டும் மறையாக்கம் செய்யப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் இயங்க, அதற்குப் பின் வரும் பக்கங்கள் சாதாரண எச்டிடிபி இணைப்புக்குத் திரும்பிவிடுவதை இன்றும் காண்கிறேன். கடவுச்சொல்லைக் காத்துவிட்டோம் என்று அவற்றை நடத்துவோர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால், நாம் உள்நுழைந்ததற்கு அடையாளமாக உலாவி ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்பும் குக்கி என்ற சிறு தரவுத் துணுக்கு மறைப்பின்றிப் பயணிப்பதால், பொது வைஃபையில் ஒட்டுக்கேட்கும் ஒருவர் அதை நகலெடுத்து, கடவுச்சொல் தெரியாமலேயே நம் கணக்கினுள் புகுந்துவிட முடியும். பணமும் மருத்துவ விவரங்களும் இத்தகைய பக்கங்களில் இருப்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது.

செலவைக் காரணம் காட்டுவது இனியும் பொருந்தாது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் எச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாகவே வழங்கிவருகிறது. அவற்றைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் வழி உண்டு. எல்லாப் பக்கங்களையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுவதோடு, குக்கிகள் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் மட்டுமே செல்லும்படி அவற்றுக்கு 'செக்யூர்' என்ற குறிப்பை இட்டு, மறையாக்கமற்ற இணைப்பை உலாவியே மறுக்கும்படி எச்எஸ்டிஎஸ் விதியையும் சேர்க்க வேண்டும். எச்டிடிபிஎஸ் இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறையில், 2021-இல் முறைப்படி கைவிடப்பட்ட 1.0, 1.1 பதிப்புகளைச் சர்வர்களில் உடனே முடக்குமாறும் இச்செயலிகளை நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்