"மீன் அலர்ஜி" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்: செட்டிநாட்டு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் தினமும் நீண்ட வரிசையைப் பார்த்து அனுப்பும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மருத்துவம் படித்த ஆள் இல்லை. ஆனால் மீன் தினமும் என் கை வழியாகப் போகிறது, அதைச் சாப்பிட்டு உடம்பு தடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பும்போது கையில் வைத்திருக்கும் சீட்டையும் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: மீன் அலர்ஜி, மீன் தவிர்க்கவும். எந்த மீன், எங்கிருந்து வந்த மீன், குழம்பா வறுவலா கருவாடா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துத் தடித்தது, கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று, எதுவும் இருக்காது. அந்த ஒரு வரியோடு ஒருவர் ஆயுசு முழுக்க மீனை விட்டுவிடுகிறார். அந்தத் தடிப்புக்கு மீன் இல்லாமல் மீனுக்குள் இருக்கும் ஒரு புழுவும் காரணமாக இருக்கலாம், அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். தொண்டியிலிருந்தோ கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்தோ விடியற்காலையில் பெட்டி வந்து இறங்கும். வாளை மீனின் வயிற்றை அரிவாள்மனையில் கீறிக் குடலை வெளியே இழுத்தால், சில நாள் ஈரல் மேலேயும் குடலைச் சுற்றிய சவ்விலும் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள் ஒட்டியிருக்கும், கொசுவர்த்திச் சுருளை மிகச் சின்னதாக்கிய மாதிரி. நகத்தால் சுரண்டி ஒரு தட்டுத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சுருள் அவிழ்ந்து நெளிய ஆரம்பிக்கும். நீட்டிப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், சிலது இன்னும் கொஞ்சம் கூட. இந்த வகைப் புழுவில் பல இனங்கள் உண்டு, வெறும் கண்ணால் பிரிக்க முடியாது, மைக்ராஸ்கோப் வேண்டும். அவற்றில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது அனிசாகிஸ்.

அனிசாகிஸ் பெரிய புழுவாக வாழும் இடம் திமிங்கலம், ஓங்கில் (டால்பின்) போன்றவற்றின் வயிறு. அங்கிருந்து முட்டை கடலில் விழுகிறது, பொரிந்ததைக் கூனிப்பொடி மாதிரியான சின்ன உயிர்கள் தின்கின்றன, அவற்றை மீனும் கணவாயும் தின்கின்றன, மீனை மறுபடி ஓங்கில் தின்கிறது. இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை, தவறிப்போய் நுழைகிறோம். நம் வயிற்றில் அது வளராது, முட்டையிடாது. அதனால் மலப் பரிசோதனை செய்தாலும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் குடற்புழு மாத்திரை இந்த ஒவ்வாமைக்கு மருந்தும் ஆகாது.

உயிரோடு உள்ளே போனால் அது இரைப்பைச் சுவரில் தலையைக் குத்திக்கொள்ளும், சில மணி நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி வரும், எண்டோஸ்கோப் விட்டுப் பிடுங்கி எடுப்பார்கள். 1960இல் நெதர்லாந்தில் வான் தீல் என்பவர், வேக வைக்காமல் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீன் சாப்பிட்டவர்களிடம் இதை முதன்முதலில் அடையாளம் கண்டு எழுதினார். 1968இல் அந்த நாடு ஹெர்ரிங்கை உறைய வைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இன்றைய ஐரோப்பியக் கணக்குப்படி பச்சையாகச் சாப்பிடும் மீன் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுச்சதை வரை 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வேக வேண்டும். எலுமிச்சையும் வினிகரும் புழுவைக் கொல்லாது. ஸ்பெயினில் வினிகரில் ஊறிய நெத்திலி வகை மீனைச் சாப்பிட்டுத்தான் நிறையப் பேருக்கு இது வருகிறது. நம் சமையலில் இந்தக் கவலை குறைவு. புளிக்குழம்பு தளதளவென்று கொதிக்கிறது, வறுவல் எண்ணெயில் வேகிறது, அதில் புழு உயிரோடு மிஞ்சாது.

அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு என்றால், செத்த புழுவின் புரதம் அப்படியே இருக்கிறது. அதில் சிலது கொதித்தாலும் குலையாது. 1990களில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள், மீன் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து மயங்கி விழுந்த சிலருக்கு மீன் சாற்றைத் தோலில் குத்திச் சோதித்தால் ஒன்றும் வரவில்லை, புழுவின் சாற்றைக் குத்திச் சோதித்தால் தோல் வீங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். உடம்பு முதலில் இந்தப் புரதத்துக்கு எதிராகத் திரும்புவதற்குப் பெரும்பாலும் உயிருள்ள புழு உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் பலருடைய கருத்து. அதன்பிறகு சிலருக்கு வெந்து செத்த புழுவே போதுமாக இருக்கிறது. எத்தனை பேருக்கு அப்படி என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு.

செட்டிநாட்டில் உயிருள்ள புழு யார் வயிற்றுக்குள் போகப் போகிறது என்று கேட்பீர்கள். இந்த ஊரில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். சுஷி, சஷிமி எல்லாம் அங்கே அவர்களுக்குச் சாதாரணம். ஒழுங்காக உறைய வைத்த மீனாக இருந்தால் பயமில்லை, எல்லா இடத்திலும் அது நடக்கிறதா என்பதுதான் கேள்வி. என் சித்தப்பா மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்திருந்தபோது காணாங்கெளுத்திக் குழம்பு சாப்பிட்டுப் படுத்தவன் நடுராத்திரியில் உதடு வீங்கி எழுந்தான். அதே மீனை அதற்கு முன்னும் சாப்பிட்டிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. கூடச் சாப்பிட்ட எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள், சீட்டில் மீன் அலர்ஜி என்று எழுதியிருந்தது. வெளிநாட்டில் பச்சை மீன் சாப்பிடுவாயா என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவன் கண்மாய்க் கெண்டையைக்கூடத் தொடுவதில்லை.

இந்தக் கண்மாய்க் கெண்டை விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மீனின் சதைப் புரதத்துக்கே ஒவ்வாமை இருந்தால், பார்வால்புமின் என்கிறார்கள், அது கடல் மீன், கண்மாய் மீன் இரண்டிலும் இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் விடத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வாமை புழுவுக்கு என்றால் கதையே வேறு. அனிசாகிஸ் கடல் புழு. நம் கண்மாயில் ஓங்கில் இல்லை, பண்ணையில் வளரும் ரோகு, கட்லாவுக்கும் அந்தப் புழு வர வழியில்லை. அப்படிப்பட்ட ஒருவர், உங்கள் மேற்பார்வையில் சோதித்துப் பார்த்தபின், கோடையில் கண்மாய் அழியும்போது ஊத்தாவில் பிடித்துக் கொண்டுவரும் கெண்டையை நிம்மதியாகச் சாப்பிடலாம். (விராலில் வேறு புழுக்கள் உண்டு, அதை நன்றாக வேக வைக்க வேண்டும், அது தனி விஷயம்.) புரதமும் வருமானமும் மீனையே நம்பியிருக்கிற வீடுகளில் இந்த வித்தியாசம் பெரிசு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது ஒவ்வாமையே இல்லை. காணாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற, தடிப்பு வரவைக்கும் பொருளை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்துத் தடிப்பு வரும், ஒரே பந்தியில் பல பேருக்கு வரும். வாயில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருப்பது அதற்கு ஒரு அடையாளம், மிளகு போட்டு அரைக்கிற நம் குழம்பில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது தூரத்திலிருந்து பெட்டி மாறி வண்டி மாறி மீன் வரும். அந்த மாதங்களில் தடிப்போடு வருகிறவரிடம் வீட்டில் வேறு யாருக்கு என்று தயவுசெய்து ஒரு கேள்வி கேளுங்கள். அவருக்கு மீன் விலக்கு தேவையே இல்லாமல் இருக்கலாம். தேவைப்படுவது அந்த மீனை விற்ற இடத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனையாக இருக்கலாம்.

அடுத்து மார்க்கெட்டில் மீன் ஆயும் பெண்கள். இந்த மடலை எழுத வைத்தது உண்மையில் அவர்கள்தான். எங்கள் மெஸ்ஸுக்கு மீன் ஆய்ந்து தரும் அக்காவுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அரிப்பு, தோல் வெடித்திருக்கிறது, குளிர் மாதங்களில் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. மீன் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை, ஆய்ந்தால்தான். ஒரு டாக்டர் களிம்பு கொடுத்துவிட்டு, மீன் வேலையை விட்டுவிடுங்கள் என்றாராம். வேலையை விட்டால் அந்த வீட்டில் உலை வைப்பது யார்? 2006இல் தென்னாப்பிரிக்காவில் மீன் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, மீனுக்கு ஒவ்வாமைக் குறி காட்டியவர்களைவிட அனிசாகிஸுக்குக் காட்டியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். கை வழியாகவும் மூச்சு வழியாகவும் இது உடம்புக்குள் போகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அக்காவுக்கும் புழுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. மீனாக இருக்கலாம், ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்க ஊறுவதாக இருக்கலாம், கழுவும் சோப்பாக இருக்கலாம். எதுவென்று பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குடலைத் தனி வாளியில் போட்டு மூடுங்கள், இடையிடையே நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

ரத்தப் பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அனிசாகிஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஒவ்வாமைப் புரதத்தைப் பார்க்கும் ஐஜிஈ பரிசோதனை பாசிட்டிவ் என்றவுடன் முடிவு கட்டிவிடவும் கூடாது. இந்தப் புழுவின் டிரோபோமயோசின் என்ற புரதம் இறாலில் இருப்பதோடும், வீட்டுத் தூசியில் இருக்கும் சின்னப் பூச்சியில் இருப்பதோடும் ஒத்துப்போகிறது. நாக்குப்பூச்சி ஒரு காலத்தில் இருந்தவர்களுக்கும் இந்தச் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், நம் கிராமங்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். எந்த உபாதையும் இல்லாத ஆளுக்குக்கூட பாசிட்டிவ் வரும். அதனால்தான் சோதனைக்கு முன்னால் கதையைக் கேளுங்கள் என்கிறேன். எந்த மீன், எப்போது, எப்படி, எத்தனை தடவை. ஒரு தடவை தடித்து மறு தடவை ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால், அதைப் பொய் என்று ஒதுக்காதீர்கள், புழு இருக்கும் மீனும் இல்லாத மீனும் ஒரே பெட்டியில்தான் வருகின்றன.

அவசரத்தில் வருகிறவருக்கு முதல் மருந்து எது என்பதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூச்சு முட்டி, தொண்டை அடைத்து, தலை சுற்றி வருகிறவருக்கு அரிப்பு ஊசி போட்டு உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன். அட்ரினலின் தொடையில் போட வேண்டும், அதுவும் உடனே போட வேண்டும் என்றுதான் உலக அலர்ஜி அமைப்பின் வழிகாட்டல் சொல்கிறது. சின்ன கிளினிக்கிலும் அந்த மருந்து மேசை டிராயரில் இருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிதில்லை. சீட்டில் மீனின் பெயரை எழுதுங்கள். கருவாடா புது மீனா என்று எழுதுங்கள். வெளிநாட்டில் பச்சை மீன் சாப்பிட்டதுண்டா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் அனுப்பும்போது, மீனோடு அனிசாகிஸுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முடிவு தெரியும் வரை மீனை நிறுத்தி வையுங்கள், ஆயுசுக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். புழுதான் என்று தெரிந்தால் குடலைச் சீக்கிரம் எடுத்த மீன், வயிற்றுச் சதையை வெட்டித் தள்ளிய வால் பக்கத் துண்டு என்று அவருக்கு ஏற்ற மாதிரி நீங்களே வழி சொல்லலாம், புழு அதிகம் இருப்பது வயிற்றுப் பக்கத்தில்தான்.

2012இல் வந்த சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியும் 2017இல் வந்த புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பாக் நீரிணை மீனில் என்னென்ன புழு, எந்த மீனில் அதிகம், மீன் ஆயும் பெண்களில் எத்தனை பேருக்கு ஒவ்வாமை என்று அங்கே படிக்கும் மாணவர்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கும்! உங்களில் பலர் அங்கே பாடம் எடுக்கிறீர்கள், அல்லது எடுப்பவர்களைத் தெரிந்தவர்கள். இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் ரசாயனம் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது மீன் வாங்கவே ஆள் வராமல் போனது. நாளைக்கு யாராவது இந்தப் புழுவைச் செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அதே கதி ஆகும், அடி விழுவது கூடையில் மீன் விற்கும் பெண்களுக்குத்தான். அப்படி ஒரு நாள் வந்தால் ஜனங்கள் உங்களிடம்தான் கேட்பார்கள். வெந்த மீனால் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, சிலருக்கு மட்டும்தான் ஒவ்வாமை, அந்தச் சிலரையும் நாங்கள் சரியாகப் பிரித்துப் பார்க்கிறோம் என்று அன்றைக்கு நீங்கள் தைரியமாகச் சொல்ல வேண்டும்.

புழு வேண்டுமென்றால் நானே எடுத்து வைக்கிறேன். மூடி போட்ட பாட்டில் ஒன்று கொடுத்து, எதில் போட்டு வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எந்த மீன், எந்த ஊர்ப் பெட்டி, எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டித் தருகிறேன், அக்காவும் அவரோடு மீன் ஆய்கிறவர்களும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து மெஸ் நடத்தும் ஒருவர்