கசியவிட்டவரே கசிவை அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடி எண்ணெய்க் கசிவு பற்றிய கட்டுரையில் நிறுவனம் சொன்ன பீப்பாய்க் கணக்கை அப்படியே வெளியிட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் விமானத்திலிருந்து நீர்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் நிறத்தைப் பார்த்துப் போடுவது. வெள்ளிப் பளபளப்பு என்றால் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வானவில் நிறம் என்றால் 0.3 முதல் 5 வரை. ஒரு சதுர கிலோமீட்டரில் 0.1 மைக்ரான் படலம் 100 லிட்டர் எண்ணெய். அதையே 3 மைக்ரான் என்று எழுதினால் 3,000 லிட்டர்! ஆவியானதும் அலையில் கரைந்ததும் மேலே வராமல் ஆழத்திலேயே தங்கியதும் இதில் சேராது.

மெக்சிகோ வளைகுடாவில் டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடை 2004இல் இவான் புயலின்போது கடலடிச் சேறு சரிந்து கவிழ்ந்தது. கிணறுகள் சேற்றில் புதைந்தன. கசிவது நாளுக்குச் சில காலன்தான், அதுவும் சேற்றில் ஊறிய பழைய எண்ணெய் என்றே நிறுவனம் சாதித்தது. 2019இல் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா வெளியிட்ட ஆய்வில், நீருக்கடியில் ஒலியலையையும் எழும் குமிழிகளையும் கொண்டு அளந்தபோது நாளுக்கு 9 முதல் 108 பீப்பாய் வந்தது (ஒரு பீப்பாய் 42 காலன்). அதே ஆண்டு கசிவின் மேல் கவிழ்த்த கூடாரம் நாளுக்கு 1,000 காலனுக்கு மேல் பிடித்தது. பழைய எண்ணெய் அப்படி ஊறிக்கொண்டே இருக்குமா?

குறைத்துச் சொல்ல வலுவான காரணம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அபராதம் பீப்பாய்க் கணக்கில்தான்: மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் கிணற்றில் 2010இல் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் துளை மேடை வழக்கின்போது பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை, பெரும் அலட்சியம் என்றால் 4,300 வரை. அந்த விபத்தில் முதலில் வெளியான அளவு நாளுக்கு 1,000 பீப்பாய், பிறகு 5,000. அரசு நிபுணர்கள் பின்னர் தொடக்க நாள்களுக்குக் கணித்ததோ 62,000. கசிவின் அளவு குறித்து அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக்குத் தடையாக இருந்த குற்றத்தை பி.பி. 2012இல் ஒப்புக்கொண்டது.

இந்தப் பொய்யின் சுமை உயிரினங்கள் மேல்தான். அந்த விபத்தின் எண்ணெய் படிந்த, லூசியானா மாநிலத்தின் பரட்டாரியா விரிகுடாவில் கருவுற்ற ஓங்கில்களில் (டால்பின்களில்) ஐந்தில் ஒன்றுதான் உயிரோடு குட்டி ஈன்றது. கச்சா எண்ணெயின் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுச் சேர்மங்கள் சூரை மீனின் இதயச் செல்களில் பொட்டாசியம், கால்சியம் ஓட்டத்தைக் குலைத்து, துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கின்றன.

2010 விபத்தில் உடைந்த குழாயின் அரை நிமிட ஒளிப்பதிவு வெளியானதும், வெளியார் பொறியாளர் ஒருவர் துகள்களின் வேகத்தை அளந்து நாளுக்கு ஏறத்தாழ 70,000 பீப்பாய் என்று சொல்லிவிட்டார். அடுத்த முறை உங்கள் நிருபர் பீப்பாய்க் கணக்கோடு ஒளிப்பதிவையும் கேட்டு வாங்கட்டும். எந்த முறையில், யார் அளந்தது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கடல்சார் பொறியாளர் ஒருவர்